ஹார்ட் டிஸ்க்கை எத்தனை வருஷம் நம்பலாம்? மேச்சேரி ஸ்டூடியோ பீரோவில் இருந்து ஒரு கணக்கு

சேலம் மாவட்டம் மேச்சேரியில் என் சித்தப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கடையின் பின்பக்கம் ஒரு இரும்பு பீரோ. அதில் பணம் இருக்காது. 20 ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, '2016 தை', '2017 ஆவணி' என்று மார்க்கரில் எழுதி வைத்திருப்பார். மேச்சேரி, மேட்டூர், நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் பக்கம் அவர் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அதற்குள்தான்.

போன வருஷம் ஒரு பெண் போன் செய்தார். 2017-ல் கல்யாணம் ஆனவர். அவருடைய அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, மேடையில அப்பா மைக் புடிச்சுப் பேசினாரே, அந்த வீடியோ மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதுங்ணா. எங்ககிட்ட இருக்கற டிவிடி ஓடவே மாட்டேங்குது."

சித்தப்பா அந்த டிஸ்க்கை எடுத்து கம்ப்யூட்டரில் செருகினார். லைட் எரிந்தது. பிறகு 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரையில் ஒன்றும் வரவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். "ஏன் கண்ணு, இதைக் கீழகூடப் போட்டதில்ல. வேலை முடிஞ்சதும் பீரோவுல வெச்சதுதான். எப்படிச் செத்துச்சு? புதுசா வர்றதாவது நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விக்கான பதில். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல. போன் மெமரி நிறைந்ததும் குழந்தை போட்டோவை எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கும் நம் எல்லோருக்கும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத்தால் ஆன வட்டத் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய டிஸ்க் என்றால் அந்தத் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 120 சுற்று.

அதற்கு மேலே 'ஹெட்' என்ற சின்னப் பாகம் மிதந்துகொண்டே தகவலை எழுதும், படிக்கும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். தூசி, அதிர்ச்சி, மோட்டாரில் சின்னத் தேய்மானம் எதுவானாலும் ஹெட்டுக்கு ஆபத்து. சித்தப்பா கேட்ட 'டிக் டிக்' சத்தம் பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வருவது.

மெமரி கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றில் அசையும் பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் அப்படியில்லை. அது ஒரு மெஷின். மெஷின் என்றால் தேயும்.

27 வருஷத்தில் 2 லட்சம் மடங்கு

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-ல் ஐபிஎம் நிறுவனம் 'ராமாக்' கம்ப்யூட்டரோடு கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு சுமார் 3.75 மெகாபைட். இன்றைக்கு நம் போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்குச் சரியாக இருக்கும்.

1980-ல் சீகேட் நிறுவனம் மேசைக் கம்ப்யூட்டருக்குள் அடங்கும் 5 மெகாபைட் டிஸ்க்கை விற்றது. 2007-ல் ஹிட்டாச்சி நிறுவனம் முதல் 1 டெராபைட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 27 வருஷத்தில் 2 லட்சம் மடங்கு வளர்ச்சி!

இந்த ஓட்டத்துக்கு முக்கியமான ஒரு காரணம் 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரு காந்த விளைவு. அதை வைத்து மிகச் சின்ன காந்தப் புள்ளியையும் படிக்கும் ஹெட் செய்ய முடிந்தது. 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போது எல்லோரும் இந்த வேகம் தொடரும் என்றுதான் நினைத்தார்கள். சீகேட்டின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த மார்க் க்ரைடர் 2009-ல் ஒரு கணிப்பை வெளியிட்டார். ஆண்டுக்கு 40 சதவீத வளர்ச்சி தொடர்ந்தால், 2020-ல் நம் கைக்கு அடக்கமான 2.5 அங்குல டிஸ்க் 14 டெராபைட்டுக்கு மேல் தாங்கும், விலை சுமார் 40 டாலர் இருக்கும் என்பது கணக்கு.

நடந்தது என்ன? 2.5 அங்குல அளவில் 5 டெராபைட் டிஸ்க் 2016-ல் வந்தது. அடுத்த 6 டெராபைட் 2024-ல்தான் வந்தது. ஒரே ஒரு டெராபைட் கூட எட்டு வருஷம்.

ஏன் வேகம் குறைந்தது?

முதல் காரணம் இயற்பியல். அதிகம் எழுத வேண்டுமானால் காந்தத் துகள்களைச் சின்னதாக்க வேண்டும். ஒரு அளவுக்குக் கீழே போனால், சாதாரண அறை வெப்பமே அந்தத் துகளின் காந்தத் திசையை மாற்றிவிடும். அதாவது எழுதியது தானாக அழியும். அழியாத, பிடிவாதமான பொருளைப் பயன்படுத்தினால் ஹெட்டால் அதில் எழுத முடியாது.

இதைச் சுற்றிப் போகப் பல வழிகளைத் தேடினார்கள். 2013-ல் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் அடைத்த டிஸ்க் வந்தது. ஹீலியம் லேசானது என்பதால் உராய்வு குறைவு. அதனால் தட்டுகளை மெலிதாக்கி அதிகம் அடுக்கலாம். இன்னொரு வழி 'எஸ்எம்ஆர்'. வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதேபோல ஏற்கெனவே எழுதியதை மாற்றி எழுதும்போது டிஸ்க் திணறும்.

மூன்றாவது வழி லேசர். எழுதும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு நுண்ணிய புள்ளியை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, எழுதியதும் ஆறவிடுவது. 'ஹாமர்' என்று பெயர். இதோ வருகிறது என்று பல வருஷம் சொல்லப்பட்டு, ஒருவழியாக 2024 ஜனவரியில் 30 டெராபைட்டுக்கு மேல் தாங்கும் டிஸ்க்காக சீகேட் அறிவித்தது. ஆனால் இது டேட்டா சென்டர்களுக்கான பெரிய டிஸ்க்.

1980 முதல் 2007 வரை 27 வருஷத்தில் 2 லட்சம் மடங்கு. 2007 முதல் 2024 வரை 17 வருஷத்தில் 30 மடங்கு. வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரியும்.

இரண்டாவது காரணம் சந்தை. ஒரு காலத்தில் ஏராளமான கம்பெனிகள் ஹார்ட் டிஸ்க் செய்தன. இப்போது மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. 2011 இறுதியில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. சில வாரங்களில் உலகம் முழுக்க விலை எகிறியது. பிறகு போனுக்கும் லேப்டாப்புக்கும் எஸ்எஸ்டி வகை மெமரி வந்துவிட்டது. கம்பெனிகளின் கவனம் டேட்டா சென்டர் பக்கம் திரும்பியது. நாம் கடையில் வாங்கும் சின்ன டிஸ்க் யாருக்கும் முதல் முக்கியம் இல்லை.

சரி, தரமாவது கூடியிருக்கிறதா?

பெரிய டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில் 'சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்' என்பதுபோல ஒரு எண் இருக்கும். 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 வருஷம். உங்கள் டிஸ்க் பேரன் காலம் வரை ஓடும் என்று இதற்கு அர்த்தமில்லை. 1,000 டிஸ்க்கை ஒரு வருஷம் ஓடவிட்டால் அதில் சுமார் 9 பழுதாகும் என்பதுதான் அர்த்தம். அதாவது ஆண்டுக்கு 0.9 சதவீதம்.

அந்தக் கணக்கு நிஜத்தில் சரியா என்று 2007-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். நிஜத்தில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்பட்டிருந்தன. சில இடங்களில் 13 சதவீதம் வரை.

இப்போது? பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஓட்டுகிறது. எது எப்போது பழுதானது என்ற கணக்கைப் பல வருஷமாகப் பொதுவில் வெளியிடுகிறது. அதன்படி ஓராண்டில் பழுதான டிஸ்க்குகள் 2021-ல் 1.01 சதவீதம், 2022-ல் 1.37, 2023-ல் 1.40, 2024-ல் 1.57 சதவீதம். வயதான டிஸ்க்குகளும் இதில் சேர்த்திதான்.

இன்னொரு ஒப்பீடு. 2013-ல் இதே நிறுவனம், நான்கு வருஷம் முடியும்போது 80 சதவீத டிஸ்க்குகள் உயிரோடு இருக்கும் என்று கணக்கிட்டது. 2021-ல் மீண்டும் பார்த்தபோது ஆறு வருஷம் முடிவிலும் சுமார் 88 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தன. ஆக, சித்தப்பாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், சராசரியாகப் பார்த்தால் தரம் கூடியிருக்கிறது. கொள்ளளவு மெதுவாக வளர்ந்த அதே காலத்தில் ஆயுள் நீண்டிருக்கிறது.

சராசரி நம்மைக் காப்பாற்றாது

ஆனால் சராசரிக்குள் மோசமான மாடல்கள் ஒளிந்திருக்கும். சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல், பேக்பிளேஸ் கணக்கில் 2014-ல் ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கும் மேல் பழுதானது. அதற்கு முன் 2000-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் 'டெஸ்க்ஸ்டார்' வரிசையில் ஒரு மாடலுக்கு 'டெத்ஸ்டார்' என்றே பட்டப்பெயர் வந்தது. இதே கம்பெனிகளின் வேறு மாடல்கள் நன்றாக ஓடின. அதனால் "எந்த பிராண்ட் நல்லது?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. ஒரு மாடல் மோசம் என்று உலகத்துக்குத் தெரியவே இரண்டு, மூன்று வருஷம் ஆகும். அதற்குள் நாம் வாங்கி, நிரப்பி, பீரோவில் வைத்திருப்போம்.

முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்காதா? டிஸ்க்குக்குள்ளேயே 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனை வசதி உண்டு. 2007-ல் கூகுள் தன்னுடைய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து இதைச் சோதித்தது. முதல் படிப்புப் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். எனவே எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும். ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் பாதிக்கு மேல் நடக்கிறது.

சித்தப்பாவின் பீரோவுக்கே வருவோம். 20 டிஸ்க். ஒவ்வொன்றும் ஒரு வருஷத்தில் பழுதாகும் வாய்ப்பு 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரொம்பக் குறைவாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 20-ல் ஒன்றாவது இந்த வருஷம் போவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். ஐந்து வருஷத்தில் சுமார் 78 சதவீதம். ஆக, அந்த டிஸ்க் செத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்றுகூடச் சாகாமல் இருந்திருந்தால்தான் அதிர்ஷ்டம்.

இது டேட்டா சென்டரில் ஓடும் டிஸ்க்கின் விகிதம். பீரோவில் தூங்கும் டிஸ்க்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஓடாமல் இருப்பதும் பாதுகாப்பு இல்லை. உள்ளே இருக்கும் மசகுப் பொருளுக்கும் எலக்ட்ரானிக் பாகங்களுக்கும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

சேலம் வெயில்தான் காரணமா?

சித்தப்பாவின் சந்தேகம் இதுதான். கோடையில் சேலம் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிறது. ஆனால் கூகுள் ஆய்வு, நினைத்த அளவுக்கு வெப்பத்துக்கும் பழுதுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றது. மிக அதிக வெப்பத்தில், அதுவும் வயதான டிஸ்க்குகளில்தான் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. கடைக்குள் இருக்கும் சூடு பெரிய பிரச்சினை இல்லை. மதிய வெயிலில் பைக் டேங்க் பையிலோ மூடிய காரிலோ விட்டுப்போவது தவறு.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரிகள் வேறு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டிவிடுவது, மேசையிலிருந்து கேபிளோடு இழுத்துவிடுவது. இரண்டு, காப்பி ஆகும்போது கரன்ட் போய் உடனே வருவது. மூன்று, 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்குவது. கடைசி இரண்டில் டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஃபைல் கெட்டுப்போகலாம்.

எஸ்எஸ்டி வாங்கினால் தீர்ந்ததா?

தினசரி வேலைக்கும் எடிட்டிங்குக்கும் எஸ்எஸ்டி நல்லது. கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் வருஷக்கணக்கில் பீரோவில் வைக்க அது சரியான தேர்வு இல்லை. எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாகத்தான் தங்கியிருக்கிறது. கரன்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். சாதாரண எஸ்எஸ்டிகளுக்கான தொழில்துறைத் தரநிலை, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தகவலைத் தாங்கினால் போதும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி இதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் குறையும். இங்கேதான் சேலம் வெயில் உண்மையிலேயே கணக்கில் வருகிறது.

அப்போ என்னதான் செய்வது?

பதில் பழசுதான். பனை ஓலைச்சுவடியும் நிரந்தரமானது இல்லை. செல்லரிக்கும், ஒடியும். புது ஓலையில் யாராவது பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்ததால்தான் சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தது. பெயர்த்து எழுத ஆள் இல்லாமல் போன வீடுகளில் ஏடுகள் அழிந்தன. சில ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. டிஸ்க்குக்கும் அதே விதிதான். தாங்குவது பொருள் இல்லை, பிரதி.

இதை '3-2-1' என்ற எளிய விதியாகப் பரப்பியவர் பீட்டர் க்ரோக். அவரும் ஒரு போட்டோகிராபர்தான்!

• மூன்று பிரதி: மூலம் ஒன்று, நகல் இரண்டு.
• இரண்டு வகை: ஒன்று ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னொன்று எஸ்எஸ்டி, கிளவுட் என வேறு ஏதாவது.
• ஒன்று வெளியே: ஒரு பிரதி வேறு கட்டடத்தில். தீ, திருட்டு, வெள்ளம் வந்தால் ஒரே பீரோவில் இருக்கும் மூன்று பிரதியும் சேர்ந்தே போகும்.

இதன் பலம் கணக்கில் தெரியும். ஒரு டிஸ்க் ஒரு வருஷத்தில் போகும் வாய்ப்பு 67-ல் ஒன்று. தனித்தனி இடத்தில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே வருஷத்தில் போகும் வாய்ப்பு 4,400-ல் ஒன்று. எவ்வளவு விலை கொடுத்தாலும் இவ்வளவு நம்பகமான ஒற்றை டிஸ்க் கடையில் கிடைக்காது.

இன்னும் சில:

• இரண்டு டிஸ்க்கை வேறு வேறு மாடலாக, வேறு வேறு நேரத்தில் வாங்குங்கள். ஒரே பேட்ச்சில் வந்த குறை இரண்டையும் தாக்கக்கூடாது.
• வருஷம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் செருகி, சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும் நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.
• ஐந்து வருஷம் ஆனதும் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பழசு ஓடினால் அது கூடுதல் பிரதி.
• வாரன்டியை நம்ப வேண்டாம். அதில் புது டிஸ்க் கிடைக்கும். உள்ளே இருந்த போட்டோ கிடைக்காது.
• 'டிக் டிக்' சத்தம் வந்தாலோ தண்ணீரில் நனைந்தாலோ திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஹெட் உரசிக் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். தகவல் மீட்கும் லேப்புக்கு அப்படியே கொடுங்கள்.

அந்த வீடியோ என்ன ஆனது?

சித்தப்பா நான்கைந்து முறை செருகிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சொன்னார். சென்னையில் ஒரு லேப்புக்கு அனுப்பினோம். தட்டில் கீறல் விழுந்திருக்கிறது, மீட்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீடியோ போய்விட்டது. ஆனால் அந்தக் கல்யாண ஆல்பத்தை வடிவமைத்த சேலம் டிசைனரிடம், தேர்வு செய்த போட்டோக்கள் மட்டும் பழைய கம்ப்யூட்டரில் கிடந்தன. யாரும் திட்டமிட்டு வைத்த பிரதி இல்லை. அவர் அழிக்க மறந்தது. அதில் ஒரு படத்தில் அந்தப் பெண்ணின் அப்பா மைக்கோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் என்ன பேசினார் என்பது இனி யாரிடமும் இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, சித்தப்பாவே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு டிஸ்க். ஒன்று கடை பீரோவில், இன்னொன்று வீட்டில். பில்லின் கீழே புதிதாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: 'போட்டோ, வீடியோ ஃபைல்களை உங்கள் சொந்த டிஸ்க்கிலும் காப்பி எடுத்துக்கொள்ளவும்.'

பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லையாம். அதனால் டெலிவரி கொடுக்கும்போது வாயாலேயே சொல்லிவிடுகிறார்: "ஆல்பத்தை அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. மொதல்ல காப்பி எடு."